வெயில் விழும் மேசை

பெயரை மாற்றியிருந்தார்கள். வயதைக் கொஞ்சம் கூட்டியிருந்தார்கள். இரண்டு பெண் குழந்தைகளை ஒரு பையனாக்கியிருந்தார்கள். வேன் ஓட்டுகிற கணவனைக் கொத்தனாராக்கி, மாமியாரை ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். அப்படியும் இதழ் கடைக்கு வந்த அதே வாரத்தில் சலவை ஆலை நிர்வாகம் நேராக அந்தப் பெண்ணின் மேசைக்கு வந்து, ஆள் குறைப்பு செய்கிறோம், இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. யாரையும் மிரட்டவில்லை. கதவு எண்ணைப் பார்த்து வருகிற தபால்காரரைப் போல வந்திருந்தார்கள்.

எப்படித் தெரிந்தது?

ஆலை எது என்று தெரிந்ததில் அதிசயம் இல்லை. அந்த நகரத்தில் ஆஸ்பத்திரித் துணிகளை மொத்தமாக வெளுக்கிற ஆலை ஒன்றுதான் இருந்தது. ஆனால் அதன் பிரிப்புக் கூடத்தில் ஏராளமான பெண்கள் வேலை செய்தார்கள். அத்தனை பேரில் இவள்தான் பேசினாள் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் கேள்வி. அவள் பேசியதை இதழில் எழுதியவளுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

எழுதியவளுக்கு இதழ் அலுவலகத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். யாரிடம் பேட்டி எடுத்தாலும் ஜன்னல் எந்தப் பக்கம், வாளி என்ன நிறம், அப்போது கையில் என்ன வைத்திருந்தீர்கள் என்று துளைத்துத் துளைத்துக் கேட்பாள். ஆசிரியர் வைத்த பெயர் அது. அவருக்கு இவள் வைத்த பெயர் தலையங்கம். டீ வேண்டுமா என்று கேட்டால்கூட, முதலில் பின்னணி, பிறகு கண்டனம், கடைசியில் கோரிக்கை என்று மூன்று பத்தி பேசுவார். சைக்கிள் கடைக்கு மேலே இருந்த ஒரே அறையில் இருவரும் எதிரெதிராக உட்கார்ந்து அந்த மாத இதழை நடத்தினார்கள்.

இதழில் எல்லோரும் முதலில் புரட்டுவது வாக்குமூலம் என்ற பகுதியைத்தான். வேலை செய்கிற இடத்தில் நடப்பதை வேலை செய்கிறவர் வாயாலேயே சொல்ல வைப்பது. பேசுகிறவருக்கு ஒரு மரத்தின் பெயர் வைப்பார்கள். பூதக்கண்ணாடி போய்ப் பேசிப் பதிவு செய்வாள். வீட்டுக்கு வந்து எழுதி முடித்ததும் பதிவை அழித்துவிடுவாள். அவளும் ஆசிரியரும் சேர்ந்து ஆளைக் காட்டக்கூடிய விவரங்களை மாற்றுவார்கள். அச்சகத்துக்குப் போகும்போது அதில் உண்மையான பெயர் எங்கேயும் இருக்காது. இத்தனை வருடத்தில் இந்த முறை ஒரு முறையும் தவறியதில்லை என்றுதான் நினைத்திருந்தார்கள்.

சலவை ஆலைப் பெண்ணுக்குப் புன்னை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

புன்னை பேசியது ஊசிகளைப் பற்றி. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற படுக்கை விரிப்புகளின் மடிப்பில் ஊசிகள் கிடக்கும். யாரோ ஒரு நர்ஸ் அவசரத்தில் விட்டது, விரிப்போடு சுருட்டப்பட்டு மூட்டையாகி வந்துவிடும். அதைக் கையால் பிரிக்காமல் வெளுக்க வழி உண்டு. வெந்நீர் பட்டால் தானாகக் கரைந்துவிடுகிற ஒருவகைப் பை இருக்கிறது. ஆஸ்பத்திரியிலேயே துணியை அதில் கட்டிவிட்டால், பையோடு அப்படியே இயந்திரத்துக்குள் போடலாம். பை கரையும், துணி வெளுக்கும், ஊசி அடியில் தங்கும், யார் கையும் படாது. ஆலை அந்தப் பையை வாங்கவில்லை. பருத்தியையும் கலப்புத் துணியையும் தனித்தனிச் சூட்டில் வெளுத்தால் துணி அதிக நாள் உழைக்கும் என்பதால், வெளுப்பதற்கு முன்பே மூட்டையைப் பிரித்து வகை பார்க்கச் சொன்னது. அதாவது துணியின் ஆயுளுக்காகப் பெண்களின் விரல்கள். கையுறை கொடுத்தார்கள். மெல்லிய ரப்பர். ஊசிக்கு அது வெண்ணெய்.

தொழிலகப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஓர் அதிகாரி இருந்தார். இதழைப் படித்துவிட்டு அவரே போன் செய்தார். ஒருத்தி சொன்னால் அது தனிப்பட்ட புகார், இன்னொருத்தியும் சொன்னால்தான் நான் ஆலைக்குள் போய்ப் பார்க்க முடியும், அதுவும் பொத்தாம்பொதுவாக இருக்கக் கூடாது என்றார். இன்னொருத்தி இருந்தாள். அதே கூடத்தில் வேலை செய்பவள். வாகை என்று பெயர் வைத்து, பேசிப் பதிவும் செய்தாகிவிட்டது. புன்னையை வீட்டுக்கு அனுப்பிய மறுநாள் வாகை செய்தி சொல்லி அனுப்பினாள். புன்னையின் பெயர் எப்படி வெளியே போனது என்று தெரியாமல் என்னுடையதை அச்சில் போடாதீர்கள், என் வீட்டில் நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன் என்று.

"மூணு பேருக்குத்தான் தெரியும்," என்றார் தலையங்கம். "எனக்கு. உங்களுக்கு. உங்க நாத்தனாருக்கு. நான் சொல்லல. நீங்க சொல்லல."

"சார்."

"மிச்சத்த நான் வாயால சொல்லணுமா?"

"சொல்லாதீங்க."

"சொல்லல. யோசிச்சுப் பாருங்கன்னுதான் சொல்றேன்."

"நீங்க யோசிச்சுப் பாருங்கன்னு ஆரம்பிச்சா அடுத்த மாசம் முதல் பக்கத்துல வந்துடுது."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பொண்ணுக்கு வேற எந்த ஆலையிலயும் வேலை குடுக்க மாட்டாங்க. அது நம்ம தலையிலதான். உங்க சொந்தம்ங்கறதுக்காக நான் கேக்காம விட முடியாது."

நாத்தனார் அந்த ஆலையின் அலுவலகத்தில் வருகைப் பதிவு பார்க்கிற வேலையில் இருந்தாள். அவள் மேசைக்கும் பிரிப்புக் கூடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். புன்னையையும் வாகையையும் ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் தனித்தனியாகக் கூட்டி வந்து அறிமுகம் செய்ததே அவள்தான். கல்யாணம் ஆகாமல் அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். பூதக்கண்ணாடியும் அவளும் ஒரே சோப்பு, ஒரே சீப்பு, ஒரே தலைவலித் தைலம் என்று பல வருடமாகப் புழங்கியவர்கள். அவளைச் சந்தேகப்படுவது தன் வலது கையைச் சந்தேகப்படுவது போலத்தான் இருந்தது. இருந்தும் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் பூதக்கண்ணாடி அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். நாத்தனாருக்குப் போன மாதம் ஏன் இருக்கை மாற்றிக் கொடுத்தார்கள்? மேனேஜர் நல்லவர்தான் என்று ஒருநாள் எதற்குச் சொன்னாள்? கண்ணுக்குப் பழகிய ஆளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் யாருக்கும் முகத்தில் குழி தெரியும்.

வீட்டில் கணவர் கூடத்தில் உட்கார்ந்து டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தார். நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா," என்று ஆரம்பித்தாள் பூதக்கண்ணாடி. "ஆபீஸ்ல யார்கிட்டயாவது, சும்மா பேச்சுவாக்குல, எங்க அண்ணி இந்த மாதிரி எழுதறாங்க, அப்படி இப்படின்னு ஏதாவது..."

நாத்தனாரின் கை நின்றது. மடித்த துணியை மடியில் வைத்தாள்.

"நேராக் கேளுங்க அண்ணி."

"இல்லம்மா, நான் எதுக்குக் கேக்கறேன்னா..."

"காட்டிக் குடுத்தியான்னு கேளுங்க. அவ்வளவு எழுதறீங்க, இது எழுத வரலையா?"

கணவர் திருகாணியைத் தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீயும் வாயத் தொறந்து ஏதாவது சொல்லேன்," என்றாள் பூதக்கண்ணாடி அவரிடம்.

"நான் ஃபேனப் பாத்துட்டு இருக்கேன். இது சுத்தணும், உங்க ரெண்டு பேருக்கும் இன்னிக்குத் தேவைப்படும்."

"அண்ணா, நீ சும்மா இரு." நாத்தனார் எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அவங்கள உங்ககிட்ட கூட்டிட்டு வந்தது நான். அவங்க வேலை போன அன்னிக்கு அவங்க கார்ட எடுத்துக் கிழிச்சுப் போடச் சொன்னதும் என்னத்தான். கிழிச்சேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து எல்லாத்தையும் பாத்துட்டுதான் இருந்தேன். யாரும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல. மேனேஜர் உங்க புத்தகத்தச் சுருட்டிக் கையில வச்சுக்கிட்டு வந்தாரு. நேரா பின்பக்கம் போனாரு. வாட்ச்மேன ஷட்டரத் தூக்கச் சொன்னாரு. லாரியே வரல. பாதி தூக்கினதும் போதும்னாரு. திரும்பி உள்ள ஒரு பார்வை பாத்தாரு. ரூமுக்குப் போயிட்டாரு. அப்புறம் ஆபீஸ்லேந்து நேரா அவங்க மேசைக்குப் போயிட்டாங்க. இதுல நான் எங்க வந்தேன்? நாத்தம் போகத்தான் ஷட்டரத் தூக்கச் சொல்றாருன்னு நினைச்சேன்."

பூதக்கண்ணாடி ஓரடி கிட்டே வந்தாள்.

"எந்த நேரம்?"

"என்ன?"

"ஷட்டரத் தூக்கினது எந்த நேரம்? காலையிலயா?"

"காலையிலதான். லாரி வழக்கமா வர்ற நேரம்."

"வெயில் எங்க விழுந்தது?"

"இப்பவும் பேட்டியா அண்ணி?" என்றாள் நாத்தனார்.

பூதக்கண்ணாடி இதழை எடுத்து வந்தாள். அட்டையிலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்த வரிகள் அவை. அவளுக்கும் ஆசிரியருக்கும் உயிரான வரிகள். வாசகர்கள் போன் செய்து கொண்டாடிய வரிகள். 'லாரிக்காகப் பின்கதவைத் தூக்கும்போது என் மேசையில் வெயில் விழும். ஆஸ்பத்திரி மூட்டைகளை அதுவரை பிரிக்காமல் ஒதுக்கி வைப்பேன். வெயிலில் ஊசி கண்ணைச் சிமிட்டும். நிழலில் அது துணியோடு துணியாகப் படுத்துக் கிடக்கும்.'

அவள் அந்தக் கூடத்துக்குள் ஒரு நாளும் போனதில்லை. வெளியாளை உள்ளே விடமாட்டார்கள். தான் எழுதியதைத் தவிர அந்தக் கூடத்தைப் பற்றி அவளுக்கு வேறொன்றும் தெரியாது. அதுவே இப்போது வசதியாக இருந்தது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். நாத்தனாரிடம் மேசைகள் எப்படிக் கிடக்கின்றன என்று மட்டும் கேட்டாள். நடுவில் தள்ளுவண்டிக்கு வழி, இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக மேசைகள். அவற்றைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் போட்டாள். ஷட்டர், தூண், குழாய், இஸ்திரி ரோலர் எங்கெங்கே என்று கேட்டுக் குறித்தாள். புன்னையின் மேசை எது என்று கேட்கவில்லை.

பிறகு தன் கட்டுரையை முதல் வரியிலிருந்து படித்தாள்.

'ரோலரின் சூடு முதுகில் அடிக்கும்.' ரோலர் சுவருக்கு அந்தப் பக்கம். அப்படியென்றால் அந்தச் சுவரை ஒட்டிய வரிசை. மற்ற வரிசைகளை அடித்தாள்.

'இடது பக்கம் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும், சில நாள் அதுதான் எனக்குத் துணை.' குழாய் வரிசையின் நடுவில் இருந்தது. அதற்கு இடப்பக்கம் இருக்கிறவர்களுக்கு அது வலப்பக்கம் சொட்டும். பாதி வரிசை போயிற்று.

'என் மேசையில் வெயில் விழும்.' ஷட்டரைப் பாதிதான் தூக்குவார்கள். லாரியின் பின்பலகை அந்த உயரம்தான். பாதி திறந்த கதவு வழியாக வருகிற வெயில் தாழ்வாக, ஒரு பலகையைச் சாய்த்து வைத்ததுபோல உள்ளே வரும். இரண்டு பக்கமும் தூண்கள். தூண்களுக்கு நடுவில் ஒரு கோடு போட்டாள். கோடு ஒரே ஒரு கட்டத்தில் போய் நின்றது. அதில் பெருக்கல் குறி போட்டாள்.

தாளை நாத்தனார் பக்கம் திருப்பினாள்.

நாத்தனார் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். "இதேதான்," என்றாள்.

தனித்தனியாகப் பார்த்தால் எந்த வரியும் யாரையும் காட்டவில்லை. பலருக்கு முதுகில் சூடு அடிக்கும். பலருக்கு இடப்பக்கம் குழாய் சொட்டும். வலை போடுகிறவர்கள் நாலா பக்கமும் நின்று இழுப்பதைப் போல, மூன்று வரிகளும் சேர்ந்து ஒரே ஆளிடம் வந்து முடிந்தன. பெயர், வயது, கணவன், குழந்தை என்று ஆளைப் பற்றியதையெல்லாம் மாற்றியவர்கள், அந்த ஆள் எங்கிருந்து பார்த்தாள் என்பதை மாற்றவில்லை. மாற்ற மனம் வரவில்லை. எழுத்தில் உயிர் இருந்ததே அங்கேதான். மேனேஜருக்கு மூன்று வரியும்கூடத் தேவைப்படவில்லை. ஷட்டரைத் தூக்கிப் பார்த்தார், வெயிலே போய் ஆளைக் காட்டியது.

"என்ன மன்னிச்சிடும்மா," என்றாள் பூதக்கண்ணாடி.

"முதல்ல சாப்பிடுங்க," என்றாள் நாத்தனார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. விட்ட இடத்திலிருந்து துணி மடிக்கத் தொடங்கினாள். அன்றைக்குப் பிறகு சில வாரம் தலைவலித் தைலத்தைத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் தலையங்கம் தாளை வாங்கி, கோடு போய் நின்ற கட்டத்தைப் பார்த்தார். இந்த முறை பின்னணியும் இல்லை, கண்டனமும் இல்லை.

"அட்டையில போடலாம்னு சொன்னது நான்," என்றார்.

"எழுதினது நான்."

"உங்க நாத்தனார்கிட்ட நான் வந்து பேசணும்."

"பின்னணியெல்லாம் சொல்லாம, ஒரே வரியில பேசிட்டுப் போங்க சார்."

வாகையின் வாக்குமூலத்தை எடுத்தார்கள். தலையங்கம் விவரங்களை எல்லாம் அடித்தார். எழுதியவளே உதவினாள். கடைசியில் மிஞ்சியது இதுதான்: துணிகளில் ஊசி கிடக்கிறது. கையில் குத்துகிறது. நிர்வாகம் நடவடிக்கை எடுப்பதில்லை. தலையங்கம் அதைச் சத்தமாகப் படித்துப் பார்த்தார். பஸ் நிலைய அறிவிப்பைப் போல இருந்தது. பொத்தாம்பொதுவாக இருக்கக் கூடாது என்று அதிகாரி சொன்னது இதைத்தான். விவரத்தோடு போட்டால் வாகைக்கு வேலை போகும். விவரம் இல்லாமல் போட்டால் அதிகாரி வரமாட்டார், ஊசி வந்துகொண்டே இருக்கும்.

"எவ்வளவு எடுத்தா போதும்னு எப்படித் தெரியும்?" என்றார் அவர். "நமக்கு எல்லா வரியும் ஒண்ணு மாதிரிதான் தெரியுது. வெயில்ல என்ன ஆபத்துன்னு நினைச்சோமா?"

அதுதான் இடறியது. வெளியில் இருப்பவர்களுக்கு எந்த வரி ஆளைக் காட்டும் என்று தெரியாது. வாகைக்கும் தெரியாது. தான் இருக்கிற இடத்திலிருந்து பார்க்கிறவளுக்குத் தான் பார்ப்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிவது போலத்தான் இருக்கும். புன்னைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கூடத்தைக் கரைத்துக் குடித்த ஒருவர் படிக்க வேண்டும். ஆனால் பேசியது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது, தெரிந்தால் கண் தானாக அங்கேதான் போகும். நாத்தனாருக்குத் தெரியும், அவள் ஆகாது. இப்போது வேலையில் இருக்கிற வேறு பெண்ணிடம் கொடுத்தால் அது இன்னொரு காதுக்குப் போகிற வழி.

கூடத்தை அறிந்து, ஆலைக்கு வெளியே இருக்கிறவள் ஒருத்திதான்.

புன்னையின் வீடு ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. பெரிய பெண்ணுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை, முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை. பூதக்கண்ணாடி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். யாரும் காட்டிக் கொடுக்கவில்லை, என் எழுத்துதான் காட்டிக் கொடுத்தது, அந்த வெயில் வரி என்று சொன்னாள். தாளையும் காட்டினாள்.

புன்னை பெருக்கல் குறியைப் பார்த்தாள். சீப்பைக் குழந்தையின் கையில் கொடுத்து வெளியே அனுப்பினாள்.

"அந்த வரி எனக்கும் பிடிச்சிருந்துதுக்கா," என்றாள். "பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டினேன். அம்மா சொன்னதுன்னு சொல்லல. யாரோ சொன்னதுன்னு சொன்னேன். சின்னது, ஊசி கண்ணடிக்குமாம்மான்னு சிரிச்சுது."

பூதக்கண்ணாடி தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நீங்க சொல்லாம விட்டிருந்தா உங்க நாத்தனார்னுதான் நான் நினைச்சுட்டு இருந்திருப்பேன். அவங்கள ரோட்டுல பாத்தப்பகூட நான் முகம் குடுக்கல."

"ஊசி குத்தினதுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணினியே, என்ன சொன்னாங்க?"

"இப்போதைக்கு ஒண்ணும் இல்லையாம். இன்னும் கொஞ்ச மாசம் கழிச்சு மறுபடி எடுக்கணுமாம். அது வரைக்கும் என்னதான் சொல்றதுன்னு டாக்டருக்கே தெரியல." கையைப் பார்த்துக்கொண்டாள். ஆள்காட்டி விரலில் குத்திய அடையாளம்கூட இல்லை. "இப்ப என்கிட்ட என்ன வேணும்? இன்னொரு பேட்டியா?"

பூதக்கண்ணாடி குறி போடாத இன்னொரு வரைபடத்தையும் பென்சிலையும், விவரங்களை அடிக்கும் முன்பிருந்த வாகையின் வாக்குமூலத்தையும் எடுத்து வைத்தாள். படித்துவிட்டு இது யாரென்று தெரிந்தால் அந்தக் கட்டத்தில் குறி போட வேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

"கண்டுபிடிச்சா?"

"எந்த வரின்னு சொல்லு. அத எடுத்துடறேன்."

"மேனேஜர் வேலையை என்கிட்ட குடுக்கறீங்க," என்றாள் புன்னை. முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தாள். "அந்த ஆளுக்கு முன்னாடி நான் கண்டுபிடிக்கணும். சரி, குடுங்க."

இரண்டாவது பத்தி முடிவதற்குள் பென்சில் போய் ஒரு கட்டத்தில் நின்றது.

"இவளா?"

"எந்த வரி?"

"'மேசை உயரம், பெட்டியைப் போட்டு ஏறி நின்றுதான் மூட்டையை அவிழ்ப்பேன்.' கூடத்துல பெட்டி மேல நிக்கற ஆள் ஒண்ணுதான். அவள நாங்க மினாரான்னு கூப்பிடுவோம், பள்ளிவாசல் கோபுரம் மாதிரி நிக்கறான்னு கிண்டலுக்கு."

பெட்டி போயிற்று. புன்னைக்கு இப்போது ஆள் தெரிந்துவிட்டது. எனவே தெரிந்ததை மறந்துவிட்டு, ஒவ்வொரு வரியாக எடுத்து, இதைச் சொல்லக்கூடியவர்கள் யார் யார் என்று அத்தனை கட்டத்தையும் பென்சிலால் தொட்டுக்கொண்டு போனாள். சில வரிக்குப் பென்சில் கூடம் முழுவதும் சுற்றியது. சில வரிக்கு இரண்டு மூன்று கட்டத்தோடு நின்றது. நின்றதையெல்லாம் பூதக்கண்ணாடி அடித்தாள். நீராவிக் குழாய் உறுமினால் காது அடைப்பது போயிற்று. கடைசியாகக் கை கழுவப் போகிறவள் நான் என்பது போயிற்று. அடிக்கும்போது ஒவ்வொன்றும் அவள் தோலில் சுருக்கென்றது. எல்லாமே நல்ல வரிகள்.

"இப்படியே போனா மறுபடி நோட்டீஸ் மாதிரிதான் ஆகும்," என்றாள். "எல்லாரும் செய்யறது ஏதாவது இருக்கா? ஒருத்திக்கு மட்டும் சொந்தமில்லாதது?"

"டப்பா இருக்கே," என்றாள் புன்னை. "நான்தான் அன்னிக்கே சொன்னேனே, நீங்க போடல."

சொல்லியிருந்தாள். பூதக்கண்ணாடிக்கு இப்போது ஞாபகம் வந்தது. கிடைத்த ஊசியைப் போட ஆலை எதுவும் கொடுக்கவில்லை. அதனால் ஒவ்வொருத்தியும் வீட்டிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பா கொண்டு வந்து மேசைக்கடியில் வைத்திருக்கிறாள். அதைக் குறித்துக்கொண்டு, எழுதும்போது விட்டுவிட்டாள். எல்லாரும் செய்வதுதானே, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றியிருந்தது. ஒருத்திக்கு மட்டும் விழும் வெயிலைத்தான் அவள் கண் தேடியது.

மறுபடி வாகையைப் போய்ப் பார்த்து, வெயில் வரியையும் பென்சில் சோதனையையும் சொல்லிச் சம்மதம் வாங்கினாள். அவளுடைய டப்பாவைப் பற்றி வாகை தன் வாயாலேயே சொன்னாள்.

அடுத்த இதழில் வாகையின் வாக்குமூலம் இப்படித் தொடங்கியது: 'எங்கள் எல்லோர் மேசைக்கடியிலும் ஒரு டப்பா இருக்கிறது. ஆலை கொடுத்ததில்லை, வீட்டிலிருந்து கொண்டு வந்தது. ரோலர் நிற்கும்போது யாராவது காலால் இடித்துவிட்டால் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவோம். மூட்டையை அவிழ்க்கும் முன் செருப்புக் காலால் ஒரு முறை மிதித்துப் பார்ப்போம்.' அச்சுக்குப் போகும் முன் அது இன்னொரு முறை புன்னையிடம் போயிற்று. அவள் பென்சிலை எல்லாக் கட்டத்தின் மேலும் சுற்றிக்கொண்டு வந்து கீழே வைத்தாள்.

"இது யாரா வேணாலும் இருக்கலாம்," என்றாள். "நானாக்கூட."

இதழ் வெளிவந்த வாரம் நாத்தனார் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். மேனேஜர் மறுபடி இதழோடு கூடத்துக்கு வந்தார். ஷட்டரைத் தூக்கச் சொன்னார். குழாயடியில் நின்று பார்த்தார். குனிந்து ஒரு மேசைக்கடியில் பார்த்தார், டப்பா இருந்தது. அடுத்த மேசைக்கடியில் பார்த்தார், டப்பா இருந்தது. அந்த வரிசை முழுக்கக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனார். பெண்கள் தலை நிமிராமல் துணி பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்புறம்?" என்றாள் பூதக்கண்ணாடி.

"இடுப்பப் பிடிச்சுக்கிட்டு ரூமுக்குப் போயிட்டாரு அண்ணி. யாரையும் கூப்பிடல."

அதிகாரி வந்தார், டப்பாக்களைத் திறந்து காட்டச் சொன்னார். கரையும் பை வருமா வராதா என்று இன்னும் தெரியவில்லை. புன்னைக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. இரண்டாவது ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் வாகை வேலையில் இருந்தாள். இன்னும் இரண்டு பெண்கள் பேச வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். புன்னை படித்துப் பார்ப்பாளா என்று மட்டும் கேட்டிருந்தார்கள்.

இதழில் இப்போது கடைப்பிடிக்கிற முறை இதுதான். வாக்குமூலத்தை எழுதி முடித்ததும், அந்த இடத்தில் வேலை செய்து வெளியே வந்த, ஆனால் பேசியது யாரென்று தெரியாத ஒருவரிடம் அதை வெற்று வரைபடத்தோடும் பென்சிலோடும் கொடுக்க வேண்டும். அவரால் ஒரு கட்டத்தில் குறி போட முடிந்தால், எந்த வரி போட வைத்தது என்று கேட்டு அதை எடுத்துவிட வேண்டும். எடுத்த இடத்தில், அங்கே இருக்கிற எல்லோரும் செய்கிற ஒன்றைப் பேசியவரிடமே கேட்டு வாங்கி வைக்க வேண்டும். பென்சில் எந்தக் கட்டத்திலும் நிற்காதபோது அச்சுக்கு அனுப்பலாம்.